இருபத்தைந்தாவது சொல்

மயிலாப்பூர்
7 ஜூலை 2025

டயானா அவர்களுக்கு,

நான் நந்தகுமாரின் மனைவி மேகலா. மார்ச் மாதம் அவர் மாரடைப்பில் போனபோது நீங்கள் வந்து, மாலையை வைத்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனீர்கள். பச்சைச் சேலை கட்டியிருந்தீர்கள். அன்றைக்கு நான் இருந்த இருப்பில் யார் என்ன கலர் கட்டினார்கள் என்பது எப்படி மனதில் பதிந்தது என்று கேட்காதீர்கள். பதிந்தது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் எட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக பிட்காயின் வாங்கி வைத்திருந்தார். அதற்கான சாவியை பென் டிரைவ் மாதிரி ஒரு கருவியில் பூட்டி பீரோவில் வைத்திருந்தார். கருவிக்கு ஒரு பின் நம்பர் உண்டு. எனக்குச் சொல்லவில்லை. எங்கள் கல்யாண நாளைப் போட்டேன், தப்பு என்றது. என் பிறந்தநாளைப் போட்டேன், தப்பு. மகள் பிறந்தநாளைப் போட்டேன். மூன்றாவது தப்புக்கு அது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டது. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு நாலு நம்பர் தெரியவில்லை! அந்தக் கருவியை வீசி எறியலாம் போல் இருந்தது.

பீரோவிலேயே ஒரு சீட்டு கிடைத்தது. அவர் கையெழுத்து. "கருவி போனாலும் பயமில்லை. 24 சொற்கள் இருந்தால் எல்லாவற்றையும் மீட்கலாம். 1 முதல் 12 மேகலா. 13 முதல் 24 டயானா, ஊரூர் ஒல்காட் குப்பம்." கீழே உங்கள் வீட்டு முகவரி.

பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. எவ்வளவு நியாயமான மனுஷன் பாருங்கள்!

என் பன்னிரண்டு எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளுக்குப் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுவதென்றால் ஊரில் எல்லோரும் பெண்டாட்டி பேரை வெட்டுவார்கள், இல்லை பிள்ளை பேரை. இவர் ஒவ்வொரு டம்ளர் அடியிலும் ஒரு நம்பரும் ஓர் இங்கிலீஷ் சொல்லும் வெட்டியிருந்தார். ஒன்றில் ஆனியன். "நான் என்ன வெங்காயமா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "நெருப்புல போட்டாலும் அழியாது மேகலா, பத்திரமா வெச்சிக்கோ" என்று சிரித்தார்.

உங்களுக்கு எதில் வெட்டிக் கொடுத்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் இருக்கும் பன்னிரண்டையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் போன் நம்பர் அவர் போனில் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்க இஷ்டமில்லை, அதனால்தான் தபால்.

மேகலா

*

ஊரூர் ஒல்காட் குப்பம்
12 ஜூலை 2025

மேகலா அக்காவுக்கு,

முதலில் ஒரு விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டீர்கள். இனிமேல் எழுதாதீர்கள். போனில் டைப் செய்யாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், யாராவது கஸ்டமர் கேர் என்று கூப்பிட்டுக் கேட்டால் மூச்சு விடாதீர்கள். அந்தச் சொற்கள்தான் பணம். யார் கையில் இருக்கிறதோ அவர்களுடையது. உங்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நந்தாவும் நானும் தி.நகரில் ஒரே கம்பெனியில் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்புறம் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனால் பழக்கம் விடவில்லை. பிட்காயின் என்றால் என்ன என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். நான் என்னுடையதை எப்போதோ விற்றுத் தம்பி கிஷோருக்குப் படகு இன்ஜின் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவன் விற்கவில்லை.

எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு கிண்ணம். கொண்டுவந்த அன்றைக்கு எங்கம்மா கையில் எடுத்துப் பார்த்து, "இன்னாடி இது, அடியில இங்கிலீஷ்ல என்னமோ எய்திகீது? நம்ம பேரை வெட்டத் தெரியாதா அந்தக் கடைக்காரனுக்கு?" என்று கேட்டார்கள். நந்தா விழுந்து விழுந்து சிரித்தான். சொற்களைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டில் திருடன் புகுந்தாலும் பாதிதான் கிடைக்கும், எங்கள் வீட்டில் புகுந்தாலும் பாதிதான். அதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும் என்றான். நான் வெளியாள், அக்கா. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கிண்ணங்களைத் தபாலில் அனுப்ப மாட்டேன். எங்கே, எப்போது என்று சொல்லுங்கள், நேரில் கொடுக்கிறேன். கருவியில் சொற்களை எப்படி ஏற்றுவது என்று தனித் தாளில் எழுதித் தருகிறேன். ஏற்றும்போது உங்கள் கூட யாரும் இருக்கக் கூடாது. நானும் கூடாது.

டயானா

*

மயிலாப்பூர்
15 ஜூலை 2025

டயானா,

வியாழக்கிழமை காலை பதினொரு மணி, லஸ் கார்னர் பஸ் ஸ்டாப். கொடுத்துவிட்டுப் போங்கள். பேச வேண்டாம்.

என்னை அக்கா என்று எழுதாதீர்கள். நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று, எங்கள் வீட்டில் அவரை யாரும் நந்தா என்று கூப்பிட்டதில்லை. குமார்தான். செத்துப்போன என் புருஷனை அவன், இவன் என்று எழுதுகிறீர்கள். நான் ஒரு நாளும் அவரை அவன் என்று சொன்னதில்லை, கோபத்தில்கூட. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த உரிமை?

மேகலா

*

மயிலாப்பூர்
19 ஜூலை 2025

டயானா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை உங்கள்மேல் மீன் வாடை அடிக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அடித்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பவுடர் வாசனைதான் வந்தது. அதே பச்சைச் சேலை. அது அவர் வாங்கிக் கொடுத்ததா?

வீட்டுக்கு வந்து கிண்ணங்களைப் பிரித்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள். என் டம்ளர்களைப் பார்த்தால் அழுகை வரும். ஐந்து வருஷம் காபி குடித்து, தேய்த்து, கீழே போட்டு, எல்லாம் நசுங்கிக் கிடக்கின்றன. நான் புழங்கினேன். நீங்கள் பொத்திப் பொத்தி வைத்தீர்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் எழுதித் தந்தபடியே ஏற்றினேன். என் பன்னிரண்டு, பிறகு உங்கள் பன்னிரண்டு. கருவி ஏற்றுக்கொண்டது. கணக்கு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சைபர்.

எட்டு வருஷச் சேமிப்பு எங்கே? அவருக்குப் பிறகு இதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் எடுத்தீர்களா? இல்லை, அவரே உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாரா? எனக்கு எது அதிகம் வலிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

மேகலா

*

ஊரூர் ஒல்காட் குப்பம்
23 ஜூலை 2025

மேகலா அவர்களுக்கு,

இந்த மாதிரி ஒரு கடிதம் என் ஆயுசில் எனக்கு வந்ததில்லை. திருடி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சேலை நான் என் சம்பளத்தில் வாங்கியது.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். நான் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் பன்னிரண்டு சொற்கள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் டம்ளரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடுத்தது, கருவி சொற்களை ஏற்றுக்கொண்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் செல்லாது என்று சொல்லியிருக்கும். ஆகவே சொற்கள் சரி. அப்படியும் சைபர் என்றால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவர் இருபத்தைந்தாவதாக ஒரு சொல் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் மாவு அரைப்பீர்கள்தானே? அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு என்றால் எப்போது அரைத்தாலும் அதே மாவு. இங்கேயும் அப்படித்தான். சாவி எந்த இடத்திலும் எழுதி வைக்கப்படுவதில்லை. இருபத்து நான்கு சொற்களிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. கூட ஒரு சொல்லை ரகசியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சேர்த்தால் முற்றிலும் வேறு சாவி, வேறு பெட்டி. அந்தச் சொல்லை எங்கும் வெட்டி வைக்க மாட்டார்கள், மனதில் மட்டும் வைத்திருப்பார்கள். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பின் நம்பர் போல இது தப்பு என்று சொல்லாது. நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரு பெட்டி திறக்கும். காலிப் பெட்டி. சரியான சொல்லைப் போட்டால் மட்டும் பணம் தெரியும்.

பணம் போய்விடவில்லை. அது இருக்கும் முகவரியை, பேங்க் கணக்கு நம்பர் மாதிரி ஒன்று, 2021-ல் எனக்குக் காட்டினார். இத்துடன் எழுதியிருக்கிறேன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடத்தான் முடியாது. இன்று காலை பார்த்தேன். ஒரு பைசா அசையாமல் அப்படியே இருக்கிறது. நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அவர் என்றே எழுதியிருக்கிறேன். கவனித்தீர்களா?

டயானா

*

மயிலாப்பூர்
20 ஆகஸ்ட் 2025

டயானா,

பார்த்தேன். இருக்கிறது. உங்களைத் திருடி என்று நினைத்தது தப்பு. மன்னித்துவிடுங்கள் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஒரு மாதமாக அந்தக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் என் பெயரைப் போட்டேன். சைபர். இனிஷியலோடு போட்டேன். அவர் என்னைக் கூப்பிடும் மேகு என்பதைப் போட்டேன். போடும்போதே இதுதான் என்று நிச்சயமாகத் தோன்றியது, சிரிப்புக்கூட வந்தது. சைபர். மகள் பெயர், மாமியார் பெயர், அவர் படித்த பள்ளிக்கூடம், முதல் பைக், நாங்கள் தேனிலவு போன ஊர், கபாலி, கற்பகம், அவருக்குப் பிடித்த பொடி தோசைகூடப் போட்டுப் பார்த்தேன். நாற்பது சொல். நாற்பது சைபர். ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பணம் வேண்டாம் என்று நடிக்க மாட்டேன். மகள் மேலே படிக்க அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு மாதத்தில் பணம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்த மனுஷன் மனதில் ஒரே ஒரு சொல்லைப் பூட்டி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறார். அது என் பெயர் இல்லை. யார் பெயர் என்று தெரியாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

போடாத பெயர் ஒன்று பாக்கி இருக்கிறது. எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். விரல் அங்கே போகவே மாட்டேன் என்கிறது.

கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் என்ன?

மேகலா

*

ஊரூர் ஒல்காட் குப்பம்
26 ஆகஸ்ட் 2025

மேகலா,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

2003-ல், உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், ஆபீஸ் முடிந்து என்னை வீட்டில் விட வந்தவர் பெசன்ட் நகர் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்னைக் கட்டிக்கிறியா டயானா?" நான் முடியாது என்றேன். அப்பா தேசப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் அது. தம்பிக்குப் பத்து வயசு. "நான் கட்டிக்கினு பூட்டா எங்கம்மாவையும் கிஷோரையும் யாரு பாப்பா?" என்று கேட்டேன். வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் விரல் என்மேல் பட்டதில்லை. இவ்வளவுதான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நீங்கள் மட்டும்தான் வயிறெரிந்தீர்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றவள் நான். தினமும் மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பார். "மேகலா வத்தக்குழம்பு வெச்சிருக்கா, சாப்ட்டுப் பாரு" என்பார். சாப்பிடுவேன். உங்கள் கைப்பக்குவம் எனக்கு ஆறு வருஷம் தெரியும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போய்விடுவேன். மேகலாவுக்குக் காய்ச்சல், மேகலாவுக்கு வளைகாப்பு, மேகலா கோபமாக இருக்கிறாள், என்ன வாங்கிப் போகட்டும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே, யாரிடம் போய் முறையிட முடியும்? அந்த வேலையை விட்டதே அதனால்தான். கிண்ணங்களைப் பொத்தி வைத்தது உண்மைதான். வேறு என்ன இருந்தது என்னிடம்?

பயப்படாமல் என் பெயரைப் போடுங்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. சைபர் என்றுதான் வரும். வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டயானா

*

மயிலாப்பூர்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள டயானா,

போட்டேன். உங்கள் பெயரிலும் சைபர்தான்.

எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது தெரியுமா! பணம் போனால் போகட்டும். மகளுக்கு பேங்கில் கடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் மனதில் என்ன சொல் இருந்ததோ, அவரோடே போய்விட்டது. கிரிக்கெட்காரன் பெயர் எதையாவது வைத்திருப்பார். ஆண்பிள்ளைகள் அப்படித்தானே?

உங்களை ரொம்பப் படுத்திவிட்டேன். கிண்ணங்களைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் ஒருவருக்கொருவர் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேகலா

*

ஊரூர் ஒல்காட் குப்பம்
9 செப்டம்பர் 2025

மேகலா,

கிண்ணங்கள் வந்து சேர்ந்தன.

உங்கள் கடிதம் வந்த அன்று, சைபர் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதேன். நாற்பத்தேழு வயசில், அம்மாவுக்குத் தெரியாமல். சைபர் என்றுதான் வரும் என்று எழுதியவளுக்கு எதற்கு அழுகை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் மனதில் நான் துளிகூட இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில், அந்த முகவரியைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. செப்டம்பர் 2-ம் தேதி, மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு, முழுப் பணமும் வேறு முகவரிக்குப் போயிருக்கிறது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதற்கு முந்தின நாள்.

திருடன் யாரும் இல்லை. சொற்கள் உங்கள் ஒருவரிடம்தான் இருந்தன. நாற்பது சொல் போட்டுப் பார்த்து, ஒரே ஒரு பெயர்தான் பாக்கி என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

எனக்குப் பங்கு வேண்டாம். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் உங்களுடையது, உங்கள் மகளுடையது. நீங்கள் பொய் சொன்னதுக்குக்கூட எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் நான் ஊகித்ததாக இருக்கக் கூடாது. உங்கள் கையெழுத்தில் எனக்கு ஒரு வரி வேண்டும். கேட்பது அதிகம் என்று தெரியும். கேட்கிறேன்.

டயானா

*

மயிலாப்பூர்
17 செப்டம்பர் 2025

டயானா,

ஆமாம். உங்கள் பெயர்தான்.

கேட்டது கிடைத்துவிட்டதா? இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

முதல் தடவையிலேயே திறந்தது. இங்கிலீஷில் ஐந்து எழுத்து அடித்தேன். திரை நிறைய எண்கள். அந்த நிமிஷம் சைபர் வராதா என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டு நின்ற பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் மகளின் படிப்பு அதில் இருந்தது, அப்படியும் வேண்டிக்கொண்டேன்.

பணத்தை அங்கேயே விட்டு வைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அது எனக்கும் தெரியும். தேவைப்பட்டபோது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கலாம், ரொம்ப நாள் கழித்து. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கவும் உங்கள் பெயரை அடிக்க வேண்டும். மகளுக்கு ஃபீஸ் கட்டவா, டயானா. லேப்டாப் வாங்கவா, டயானா. நாளைக்கு அவள் கல்யாணத்துக்கும் டயானா. அது என்னால் ஆகாது. ரிச்சி தெருவில் புதுக் கருவி வாங்கி, புதிதாகச் சொற்கள் எடுத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். அந்த அவசரத்தில்தான் உங்களிடம் மாட்டிக்கொண்டேன். புதுக் கருவி, ரகசியச் சொல் ஏதாவது வைக்கிறீர்களா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். என் மனதில் அப்படி ஒளித்து வைக்க யார் இருக்கிறார்கள்? இருந்த ஒருத்தரையும் ஊரறியக் கட்டிக்கொண்டேன்.

நீங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வேண்டாம் என்று சொல்லி அவரை எனக்கு விட்டுக்கொடுத்ததே நீங்கள்தான். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றி எரிகிறது. நல்லவளாக இல்லாமல் போயிருந்தால் உங்களைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

இன்று காலை பழைய கருவியை எடுத்தேன். இனி அடிக்கவே மாட்டேன் என்றிருந்த உங்கள் பெயரை இன்னொரு தடவை அடித்தேன். இப்போது அங்கே ஒன்றுமில்லை. சைபர் என்றுதான் காட்டியது. உங்களுக்கு நான் எழுதியது கடைசியில் உண்மையாகிவிட்டது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் எனக்கு ஆறவில்லை.

மேகலா